மீட்டாச்சு

கல்மண்டபம் மார்க்கெட்டுக்குப் பின்னால்
பகலிலும் டியூப்லைட் எரிகிற சந்து.
தொண்ணூறாயிரத்துக்கு ஆறாயிரம் குறைச்சலாய்
பேண்ட் பாக்கெட்டைக் கையால் பொத்திக்கொண்டு
பெரிய வியாழன் சாயங்காலம்
சேட்டு கடைப் படியேறினேன்.
சீட்டு எப்போதோ தொலைந்துவிட்டது.
நம்பர் மட்டும் மனப்பாடம்.

கம்பிக்கு அந்தப் பக்கம் பேரேட்டைப் புரட்டிய பையன்
விரலில் எச்சில் தொட்டு இன்னொரு தரம் புரட்டினான்.
"இது மீட்டாச்சே. போன ஜூலையிலயே."
"யாரு?"
"சீட்டோட வந்தாரு. அண்ணன்னு சொன்னாரு."

பேரேட்டில் என் பெயர், எஸ்தாக்கி,
அதன்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு.
ஓரத்தில் அண்ணனின் கையெழுத்து,
நண்டு ஊர்ந்த மணல் மாதிரி.

பிரசவ ஆஸ்பத்திரி வராண்டாவில்
ஆபரேஷனுக்குப் போகும் முன்
அண்ணி கழற்றித் தந்த தாலிச் சங்கிலி.
"பத்திரமா வெச்சுக்கோ தம்பி."
புறா அச்சில் இன்னும் அவள் கழுத்துச் சூடு.
நான் சொன்ன கதை:
கூட்டத்தில் எவனோ அடித்துவிட்டான்.
நடந்தது:
ராத்திரி ரெண்டு மணிக்கு செல்போனில் ரம்மி.

ஜூலையில்தானே அண்ணன் எஞ்சினை விற்றான்.
பழுதாகிவிட்டது என்றான். நம்பினேன்.
சொந்தப் படகைக் கரையில் கவிழ்த்துவிட்டு
அடுத்தவன் படகில் ஆள் பங்குக்குப் போனான்.
ஒன்பது மாதம்.
விடியலில் அவன் ஈரத்தோடு திரும்பும்போது
நான் போர்வையை இழுத்துக்கொள்வேன்.

ஞாயிறு தவறாமல் கேட்ட வார்த்தைதான், மீட்பு.
மேகத்துக்கு மேலே நடக்கிற காரியம் என்றிருந்தேன்.
சேட்டு கடை போர்டில் பெயிண்டில் எழுதியிருக்கிறது:
மூழ்கும் நகைகளை மீட்டுத் தருகிறோம்.
மூழ்கியது நகையில்லை என்று
அண்ணனுக்குத் தெரிந்திருக்கிறது.
திருட்டுக் கொடுத்தவனே
வட்டியும் கட்டி
தன் பொருளை வாங்கிப்போயிருக்கிறான்.
எந்த ஊர்க் கணக்கு இது?

வெள்ளிக்கிழமை கோயிலில் மணி இல்லை.
மரக்கட்டை சத்தம் மட்டும், பல் உதிர்கிற மாதிரி.
சிலுவையை முத்தி செய்ய வரிசை
வாசல் தாண்டி வெயிலில் நிற்கிறது.
எனக்கு முன்னால் அண்ணன்.
செருப்பில்லாத கால், கயிறு அறுத்த உள்ளங்கை.
பாதத்தில் ஆணி அடித்த இடத்தில்
பெயிண்ட் தேய்ந்து மரம் தெரிகிறது,
அத்தனை பேர் உதடு பட்டு.
அண்ணன் குனிந்து எழுந்தான்.
உபதேசியார் துணியால் துடைத்தார்.
என் முறை.

குனிய முடியவில்லை.
பின்னால் நின்ற கிழவர் முதுகில் கை வைத்தார்,
நான் அழுகிறேன் என்று நினைத்திருப்பார்.
கோபம்தான் அது.
நாலு அறை அறைந்திருந்தால் தூங்கியிருப்பேன்.
மாசா மாசம் கேட்டிருந்தால்
ஏதாவது கொடுத்து நிமிர்ந்திருப்பேன்.
ஒன்றும் கேட்காமல்
இப்படி ஒருத்தனைக் கடனில்லாமல் நிறுத்தினால்
அவன் கையை எங்கே வைத்துக்கொள்வான்?

கோயில் வாசலில் கஞ்சி ஊற்றினார்கள்.
அண்ணி குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டாள்.
கழுத்தில் இன்னும் அந்த மஞ்சள் கயிறுதான்.
அப்போதுதான் உறைத்தது:
சங்கிலி வீட்டில் இருக்கிறது.
ஒன்பது மாதமாய் இருக்கிறது.
நான் பார்த்துவிடக் கூடாதென்று
அவள் போட்டுக்கொள்ளவில்லை.

பாக்கெட்டிலிருந்து பணத்தை எடுத்து நீட்டினேன்.
வேர்வையில் ரப்பர் பேண்டு அறுந்து
ஐநூறு ரூபாய்கள் கஞ்சித் தரையில் சிதறின.
"ஆறாயிரம் குறையுது" என்றேன்.
வேறொன்றும் வாயில் வரவில்லை.

அண்ணன் பணத்தைப் பார்த்தான்,
அண்ணியைப் பார்த்தான்.
ஒரு நோட்டைக்கூட எடுக்கவில்லை.
தன் கிண்ணத்தை என் பக்கம் தள்ளி,
மாங்காய் ஊறுகாயில் பெரிய துண்டாய்ப் பார்த்து வைத்தான்.

"உப்பு போதுமா பாரு."

குடித்தேன்.
போதுமா இல்லையா
இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.